பத்திரம் நம் பெயரில், பட்டா யார் பெயரில்?
வருவாய்த் துறைக்கும் பதிவுத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் வருவாய்த் துறை, பதிவுத் துறை, நில அளவைத் துறை உயர் அலுவலர்களுக்கும், இந்தத் துறைகளுக்குச் சட்டம் செய்யும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நிலம் வாங்குபவர் அரசுக்குக் கட்டுவது நூற்றுக்கு ஒன்பது ரூபாய். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்து லட்சம் ரூபாய்க்கு ஒரு துண்டு நிலம் வாங்கும் குடும்பம் 90,000 ரூபாய் கட்டிவிட்டுத்தான் சார்பதிவாளர் முன்னால் கைரேகை வைக்கிறது. (பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி.) இவ்வளவும் கட்டி, வாங்கியவரும் விற்றவரும் சாட்சிகளும் போட்டோவுக்கு உட்கார்ந்து எழுந்து, பத்திரத்தைக் கையில் வாங்கிய பிறகு, "இந்த நிலம் இப்போது என்னுடையதுதானே?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்ல அரசில் ஒரு அலுவலகம்கூட இல்லை. இந்த மடல் அதைப் பற்றித்தான்.

பதிவுத் துறையைக் கேட்டால், 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஆவணத்தைப் பதிந்து வைப்பது மட்டுமே எங்கள் வேலை, விற்றவருக்கு உரிமை இருந்ததா என்று பார்ப்பது எங்கள் வேலை அல்ல என்கிறார்கள். சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. மூலப் பத்திரத்தைக் கொண்டுவந்தால்தான் பதிவு என்று தமிழ்நாடு கொண்டுவந்த 55-ஏ விதி செல்லாது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமையை ஆராயும் அதிகாரம் சார்பதிவாளருக்குக் கிடையாது என்பதுதான் அதற்குக் காரணம். மோசடிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022-ல் நடைமுறைக்கு வந்த 77-ஏ பிரிவையும் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் நீக்கிவிட்டது. அந்தத் தீர்ப்புகளோடு எனக்கு வழக்கில்லை. விளைவைத்தான் சொல்கிறேன்.

வருவாய்த் துறைக்கு வந்தால் அங்கே பட்டா, நிலம் யார் பெயரில் என்று அவர்கள் எழுதிக் கொடுக்கும் தாள். வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி பட்டா கேட்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்குச் சிட்டாவும் (ஒருவர் பெயரில் உள்ள நிலங்களின் பட்டியல்) அடங்கலும் (பயிர்க் கணக்கு) கேட்கிறார்கள். பயிர்க் காப்பீடு, வறட்சி நிவாரணம், விவசாய மின் இணைப்பு, எல்லாவற்றுக்கும் பட்டாதான் முதல் தாள். ஆனால் அதே பட்டாவை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போனால், பட்டா வெறும் வருவாய்ப் பதிவு, உரிமைக்கு ஆதாரம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். பத்திரம் போதாது என்கிறது தாலுகா ஆபீஸ். பட்டா போதாது என்கிறது கோர்ட்டு. இரண்டும் ஒரே பெயரில், ஒரே அளவில் இருக்க வேண்டும் என்கிறது பேங்க். மூன்று பேரும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்கள். நடுவில் நிற்கிறவருக்குத்தான் நாதி இல்லை.

நான் ஒரு தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். நகல் எடுப்பது, மனு தட்டச்சு செய்து கொடுப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. உங்கள் அலுவலகத்துக்குள் போகிற காகிதத்தில் பெரும்பகுதி என் மேசையைத் தாண்டித்தான் போகிறது, திரும்பியும் வருகிறது. உங்கள் மேசையில் அது ஒரு விண்ணப்ப எண். என் மேசையில் அதைப் பிடித்திருக்கும் கையும் தெரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உட்பிரிவு, அதாவது ஒரு புல எண்ணில் உள்ள நிலத்தைத் துண்டாக்கித் தனி எண் கொடுப்பது. இரண்டு ஏக்கர் புலத்தில் முப்பது சென்ட் வாங்குகிறார் ஒருவர். பத்திரம் அன்றைக்கே முடிந்துவிடுகிறது. உட்பிரிவுக் கட்டணத்தையும் பதிவின்போதே வாங்கிக்கொள்கிறீர்கள். ஆனால் அந்த முப்பது சென்ட் பூமியில் எங்கே இருக்கிறது என்று அரசு அதற்குப் பிறகுதான் பார்க்கப் போகிறது. சர்வேயர் வர வேண்டும், பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கு நோட்டீஸ் போக வேண்டும், அளந்து புலப்படத்தில் கோடு போட வேண்டும், வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்று கோப்பு நகர வேண்டும். உட்பிரிவு இல்லாத பட்டா மாறுதலுக்கு 15 நாள், உட்பிரிவு உள்ளதற்கு 30 நாள் என்று நீங்களே கெடு வைத்திருக்கிறீர்கள். அந்தக் கெடுவுக்குள் முடிந்தவர்களும் உண்டு. ஒரு பிர்காவுக்கு (பல ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதிக்கு) ஒரு சர்வேயர், அவரும் கூடுதல் பொறுப்பில் அலைகிறவராக இருந்தால் முப்பது நாள் எப்படி முப்பதிலேயே நிற்கும்?

அந்த இடைவெளியில்தான் எல்லாச் சங்கடமும் நுழைகிறது. பணம் கொடுத்தவர் ஒருவர், பட்டாவில் இருப்பவர் இன்னொருவர். விற்றவர் நல்லவராக இருந்தால் காத்திருக்கலாம். அவர் காலமாகிவிட்டால் அவருடைய பிள்ளைகள் அந்தக் கிரயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டா இன்னும் தன் பெயரில்தானே இருக்கிறது என்று அவர் அதை வைத்து லோன் எடுத்தால், வாங்கியவர் வழக்குக்குப் போக வேண்டும். வறட்சி நிவாரணம் வந்தால் அது பட்டாக்காரர் கணக்குக்குப் போகும், உழுதவர் வேறு. அளக்க வரும்போது நான்கெல்லையில் ஒரு எல்லை இடிக்கிறது என்று தெரிந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? கிரயம் முடிந்துவிட்டது, பணமும் கைமாறிவிட்டது.

இதற்கு மருந்து நம் பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. கர்நாடகத்தில் விவசாய நிலத்தின் ஒரு பகுதியை விற்பதென்றால் முதலில் நில அளவர் வந்து அளந்து, விற்கப்போகும் துண்டைக் காட்டும் வரைபடம் தயாராக வேண்டும். 11-இ என்று அதற்குப் பெயர். அந்த வரைபடம் இருந்தால்தான் பதிவு. அளவர் பற்றாக்குறைக்கு உரிமம் பெற்ற தனியார் அளவர்களையும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் தாமதம் உண்டு, புகார் உண்டு. ஆனால் முறை சரி. அளப்பது முதலில், காசு கைமாறுவது பிறகு. சிக்கல் இருந்தால் கிரயத்துக்கு முன்பே வெளிவந்துவிடும். வாங்குகிறவர் அட்வான்ஸோடு தப்பிக்கலாம். நாம் பிள்ளை பிறந்த பிறகு பெண் பார்க்கப் போகிறோம்.

உட்பிரிவு தேவைப்படாத இடங்களில், விற்கிறவர் பெயரிலேயே பட்டா இருந்தால், பத்திரம் பதிந்ததும் பட்டா தானாக மாறும் ஏற்பாட்டைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். அது உண்மையிலேயே பெரிய காரியம். வில்லங்கச் சான்றை (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலை) 1975-லிருந்து வீட்டிலிருந்தபடியே பார்க்க முடிவதும், பட்டா நகலைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ள முடிவதும் அப்படித்தான். என் கடைக்கு அதனால் வருமானம் குறைந்தது, மனதுக்கு நிறைவாக இருந்தது. இதைச் செய்ய முடிந்த உங்களால் மீதியையும் செய்ய முடியும் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இனி யு.டி.ஆர். இந்த மூன்றெழுத்தைக் கேட்டாலே எங்கள் பக்கம் பெரியவர்கள் தலையில் கைவைத்துக்கொள்கிறார்கள். நிலவுடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1979 ஜூனில் தொடங்கி 1987 ஏப்ரல் வரை நடந்த திட்டம். ஏக்கர், சென்ட் கணக்கை ஹெக்டேர், ஏருக்கு மாற்றினார்கள். யார் பெயரில் எது என்று புதிதாக எழுதினார்கள். இன்று கணினியில் நாம் பார்க்கும் பட்டாவுக்கு அடிப்படை அந்த எழுத்துதான். அது நடந்துகொண்டிருந்த நடுவில்தான், 1980 நவம்பரில், கர்ணம், மணியக்காரர் என்ற பரம்பரைப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. ஒழித்தது நியாயம், ஒரு சாதிக்கும் ஒரு குடும்பத்துக்கும் ஊர்க்கணக்கு சொத்தாக இருந்த காலம் முடிய வேண்டியதுதான். ஆனால் எந்தக் காடு யாருடையது என்று மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் கணக்கை ஒப்படைத்துவிட்டுப் போன காலமும், ஊரையே புதிதாக எழுதிய காலமும் ஒன்றாகிவிட்டன. பெயர் மாறியது, தகப்பனார் பெயர் மாறியது, உட்பிரிவு எண் இடம் மாறியது, சிலருக்கு நிலமே புறம்போக்கு என்று விழுந்தது. இவற்றில் பலவும் அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. உழுகிறவர் உழுதுகொண்டிருந்தார், தீர்வை கட்டிக்கொண்டிருந்தார். பட்டாவை எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை பேரன் காலத்தில்தான் வந்தது.

என் கடைக்கு வரும் ஒரு அம்மாவின் கதையைச் சொல்கிறேன். எண்பதை நெருங்குகிறார். அவருடைய மாமனார் 1964-ல் பதிந்த கிரயப் பத்திரம் ஒன்று அவரிடம் இருக்கிறது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்ததை லேமினேஷன் செய்து வைத்திருக்கிறார். ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட் புஞ்சை. புலத்தில் வடக்குப் பாதி அவர்களுடையது, தெற்குப் பாதி பக்கத்து வீட்டாருடையது. இரண்டு குடும்பமும் அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான் உழுகிறார்கள். யு.டி.ஆரில் இரண்டு உட்பிரிவு எண்களும் இடம் மாறிவிட்டன. இவர் உழும் காட்டுக்கு அவர் பெயரில் பட்டா, அவர் உழும் காட்டுக்கு இவருடைய மாமனார் பெயரில் பட்டா. கிணறு வெட்டக் கடன் கேட்டுப் போனபோதுதான் தெரிந்தது.

மனுப் போட்டார். பழைய அ-பதிவேட்டின் (ஊர் நிலங்களைப் புல எண் வாரியாக எழுதிய கணக்கின்) சான்றிட்ட நகல் கேட்டார்கள். அதற்கு மாவட்ட ஆவணக் காப்பறைக்கு மனு. அங்கிருந்து வந்த பதிலை நான்தான் படித்துக் காட்டினேன். பக்கம் சிதிலமடைந்துள்ளதால் நகல் வழங்க இயலவில்லை. "அப்படீன்னா என்ன தம்பி?" என்று கேட்டார். கிழிந்துபோச்சாம் என்றேன். "அவங்க புஸ்தகம் கிழிஞ்சதுக்கு நான் என்ன பண்ணுவேன்? என் பத்திரம் கிழியாம நான் வச்சிருக்கேன்ல?" என்றார்.

அந்தக் கேள்வியை அப்படியே உங்கள் முன் வைக்கிறேன். 1964-ஆம் ஆண்டுக் காகிதத்தைப் பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண் டிரங்குப் பெட்டியில் காப்பாற்றியிருக்கிறார். அரசு தன் பதிவேட்டைக் காப்பாற்றவில்லை. தவறாக எழுதியது அரசு, சரியாக எழுதப்பட்டிருந்த பழைய பக்கத்தைத் தொலைத்தது அரசு. ஆதாரம் கொண்டுவர வேண்டியது மட்டும் அவரா?

அதோடு முடியவில்லை. மாமனாருக்கு ஒரு வாரிசுச் சான்று, கணவருக்கு ஒரு வாரிசுச் சான்று. மாமனார் இறந்தது ஊரில் யாரும் இறப்பைப் பதியாத காலத்தில். 1975-க்கு முந்தைய வில்லங்கத்தைக் கையால் தேடித் தரச் சொல்லித் தனி மனு. பிறகு அளவு. பத்திரத்தில் 1 ஏக்கர் 12 சென்ட், பட்டாவில் 0.45.5 ஹெக்டேர். கணக்குப் போட்டால் பட்டாவில் அரை சென்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுதல் வருகிறது. ஏக்கரை ஹெக்டேராக்கும்போது யாரோ அரை ஏருக்குச் சரிக்கட்டி எழுதியதில் வந்த மிச்சம் அது. அதற்கும் ஒரு குறிப்பு எழுதி, பரப்பில் வேறுபாடு உள்ளது என்று மனுவைத் திருப்பினார்கள்.

இதில் நெஞ்சை அறுக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. பக்கத்துக் காட்டுக்காரரின் பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். எந்தத் தகராறும் இல்லை. "அது அவங்க காடுதான், எங்க தாத்தா காலத்துல இருந்தே தெரியும்" என்று சம்பளத்தை விட்டுவிட்டு வந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவருக்கும் தன் காடு தன் பெயரில் வர வேண்டும் அல்லவா? இரண்டு தரப்பும் ஒரே குரலில் சொல்கிறார்கள், ஊரும் சொல்கிறது. கடைசியில் வந்த உத்தரவில் எழுதியிருந்தது, உரிமையியல் நீதிமன்றத்தை அணுகிப் பரிகாரம் தேடிக்கொள்ளவும் என்று. சண்டையே இல்லாத இரண்டு குடும்பம் ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட வேண்டுமாம். நீதிமன்றக் கட்டணத்தை 2017-ல் ஏழரை சதவீதத்திலிருந்து மூன்றாகக் குறைத்தது அரசு; அது சரி. வக்கீல் ஃபீஸும், வாய்தாவும், வாய்தாவுக்கு வாய்தா பஸ் செலவும் குறையவில்லையே. அந்த அம்மாவின் வயதில் ஒரு சிவில் வழக்கைத் தொடங்கச் சொல்வது, முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வதைவிடக் கொடுமை.

கீழே உள்ள அலுவலர்கள் ஏன் இப்படி எழுதுகிறார்கள் என்று எனக்குப் புரிகிறது. உத்தரவு போட்டு நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால், தணிக்கையில் கேள்வி வந்தால், மாட்டுவது கையெழுத்துப் போட்டவர். கோர்ட்டுக்குப் போ என்று எழுதினால் யாரும் அவரைக் கேட்கப் போவதில்லை. ஆகவே துணிந்து சரி செய்பவருக்குப் பாதுகாப்பும், காரணமில்லாமல் தள்ளிவிடுபவருக்குக் கேள்வியும் இருக்கும்படி உங்கள் விதிகள் மாற வேண்டும். இரண்டு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டு, அனுபவமும் அதற்குப் பொருந்தி, ஆட்சேபணை கேட்டு நோட்டீஸ் ஒட்டியும் யாரும் வரவில்லை என்றால், கோட்டாட்சியரே முடித்துவைக்க வேண்டும், நீதிமன்றத்துக்கு அனுப்பக் கூடாது என்று ஒரு தெளிவான ஆணை போடுங்கள். தொலைந்த அரசுப் பதிவேட்டின் நகலை மனுதாரரிடம் கேட்கக் கூடாது என்றும் அதிலேயே சேர்த்து எழுதுங்கள்.

இப்போது இது இன்னும் அவசரமாகிவிட்டது. பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வாங்கும் விவசாயிகளுக்கு நில விவரத்தோடு இணைத்த தனி அடையாள எண் கொடுக்கிறார்கள். தாத்தா பெயரில் பட்டா இருப்பவர், கூட்டுப் பட்டாவில் எட்டுப் பெயரில் ஒரு பெயராக இருப்பவர், பட்டாவில் இன்ஷியல் மாறியவர் எல்லாம் இதில் திணறினார்கள். கூட்டுப் பட்டாவைத் தனிப் பட்டாவாக்கச் சொல்வது சுலபம். வாய்மொழியாகப் பாகம் பிரித்து மூன்று தலைமுறை ஆன குடும்பத்தில், எல்லாப் பங்காளிகளையும் ஒரே நாளில் ஒரே சார்பதிவாளர் அலுவலகத்தில் நிறுத்துவது சுலபமா? பெண் மக்களுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. ஆனாலும் வாரிசு வழியில் பெயர் சேர்க்கக் கொண்டுவரும் மனுக்களில் அக்கா தங்கை பெயர் விடுபட்டிருப்பதை இன்றும் பார்க்கிறேன். கேட்டால், "அவங்க கேக்க மாட்டாங்க" என்பார்கள். பெயரைச் சேர்த்தால்தான் தட்டச்சு செய்வேன் என்று நான் சொல்லிவிடுவது உண்டு.

நிராகரிப்பு பற்றி ஒரு வார்த்தை. ஆன்லைனில் போட்ட விண்ணப்பம் ஒரு வரிக் காரணத்தோடு திரும்பி வருகிறது: உரிய ஆவணங்கள் இணைக்கப்படவில்லை. எந்த ஆவணம்? எழுதவில்லை. நேரில் போய்க் கேட்டு, அதை இணைத்து, மறுபடி இ-சேவை மையத்தில் கட்டணம் கட்டிப் போட்டால், இந்த முறை வேறொரு காரணம். என்னென்ன குறை இருக்கிறதோ அத்தனையையும் முதல் தடவையே எழுதிவிட வேண்டும், அப்போது சொல்லாத காரணத்துக்காக இரண்டாம் முறை நிராகரிக்கக் கூடாது. இதற்குப் பெரிய சட்டம் எதுவும் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். நிராகரித்தால் யாரிடம் மேல்முறையீடு செய்வது என்பதையும் அந்தத் தாளிலேயே அச்சடியுங்கள். 1983-ஆம் ஆண்டுப் பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தில் வட்டாட்சியர் உத்தரவுக்கு மேல் கோட்டாட்சியரிடமும், அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடமும் போகலாம் என்று வழி இருக்கிறது. என் கடைக்கு வருகிறவர்களில் இது தெரிந்தவர் அபூர்வம். தெரியாததால் அதே விண்ணப்பத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

லஞ்சத்தைப் பற்றிப் பேசாமல் இந்த மடல் முழுமையாகாது. பட்டா மாறுதலுக்கு லஞ்சம், ரசாயனம் தடவிய நோட்டு, கையும் களவுமாகக் கைது என்ற செய்தி இல்லாத வாரம் உண்டா? பிடிபடும் ஒருவரை இடைநீக்கம் செய்வதோடு அது முடிந்துவிடுகிறது. கொடுத்தவரின் நிலையைப் பாருங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் வந்த திருத்தப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். நிலம் முழுக்க அந்த ஒரு மேசையில் சிக்கியிருக்கும்போது ஏழு நாளில் யார் புகார் செய்வார்? அதனால் பயந்துகொண்டு கொடுக்கிறார்கள், கொடுத்ததை மறைத்தும் வைக்கிறார்கள்.

எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க நான் தயாரில்லை. 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் மணல் கடத்தலைப் புகார் செய்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸை அவருடைய அலுவலகத்திலேயே வைத்து வெட்டிக் கொன்றார்கள். அவரைப் போன்றவர்களும் இந்தத் துறையில்தான் இருக்கிறார்கள். மழையில் வயல் வரப்பில் நின்று அடங்கல் எழுதுகிறவர்களையும், ஒரு ரூபாய் வாங்காமல் பட்டாவை முடித்துக் கொடுத்து, "டீ மட்டும் வாங்கிக் குடுங்கம்மா, அதுவும் உங்க வீட்டு டீயா இருந்தா" என்று சிரித்த சர்வேயரையும் நான் அறிவேன். இவர்கள் நேர்மையாக இருப்பதற்கு உங்கள் முறை எந்த வகையிலும் உதவவில்லை என்பதுதான் என் வருத்தம். கெடு தாண்டினாலும் கேள்வி இல்லை, கெடுவுக்குள் முடித்தாலும் பெயர் இல்லை.

அதற்குத்தான் சேவை பெறும் உரிமைச் சட்டம். மத்தியப் பிரதேசம் 2010-லேயே இதைக் கொண்டுவந்தது. கெடு தவறிய அலுவலருக்கு நாள் ஒன்றுக்கு 250 ரூபாய் வீதம் 5,000 ரூபாய் வரை அபராதம். கர்நாடகத்தில் சகாலா என்ற பெயரில் நடக்கிறது; தாமதத்துக்கு நாள் ஒன்றுக்கு 20 ரூபாய் வீதம் 500 வரை விண்ணப்பித்தவருக்கு இழப்பீடு. கேரளத்தில் 2012 முதல் இருக்கிறது. தொகை சிறியதுதான். ஆனால் இத்தனை நாள் தாமதம், அதற்கு இன்னார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதப்படுகிறது அல்லவா? தமிழ்நாட்டில் தி.மு.க.வின் 2021 தேர்தல் அறிக்கையில் இடம்பிடித்த வாக்குறுதி இது. சட்டப் புத்தகத்தில் ஏறக் காணோம். எந்தக் கட்சி ஆண்டாலும் எங்களுக்கு ஒன்றுதான். சட்டமன்ற உறுப்பினர்களே, உங்கள் தொகுதி அலுவலகத்துக்கு வரும் மனுக்களைப் பிரித்துப் பாருங்கள். பட்டா மனு எத்தனை என்று நீங்களே எண்ணிவிட்டு அவையில் எழுந்து பேசுங்கள்.

திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள் நடக்கிறது. வாசலில் போலீசார் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள், உள்ளே மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று. மனுக் கொடுக்க வருகிறவரிடம் அதைத் தேட வேண்டிய நிலைமைக்கு ஒரு நிர்வாகம் வந்திருக்கிறதே, அதை வழக்கமாக எடுத்துக்கொண்டு நாமும் வரிசையில் நிற்கிறோம். அங்கே வாங்கும் மனுவும் கடைசியில் அதே வட்டாட்சியருக்கே அனுப்பப்படுகிறது. அவர் அதே பதிலை எழுதுகிறார். மனு முடித்துவைக்கப்பட்டது என்று போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறது.

உட்பிரிவுக்கு முதலில் அளவை, பிறகு பதிவு. கெடு தவறினால் பொறுப்பேற்கும் சட்டம். இவை இரண்டும் வரச் சில காலம் ஆகலாம். யு.டி.ஆர். பிழைகளுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம். பிழையோடு வாழ்ந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலமாகிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் காடு யாருடையது என்று சொல்லத் தெரிந்த கடைசித் தலைமுறை அது. ஆண்டுதோறும் நீங்கள் நடத்தும் ஜமாபந்தியில் கிராமக் கணக்கைத் தணிக்கை செய்கிறீர்கள். அந்தக் கணக்கு ஊர் மக்களுக்கு முன்னால் ஒருமுறையாவது வாசிக்கப்பட வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். வி.ஏ.ஓ. அ-பதிவேட்டைப் புல எண் வாரியாகச் சத்தமாக வாசிக்கட்டும், சர்வேயர் புலப்படத்தோடு பக்கத்தில் இருக்கட்டும். இது தப்பு என்று சொல்கிறவரின் பெயரை அங்கேயே எழுதி, பக்கத்துக் காட்டுக்காரர் ஒப்புக்கொண்டால் அங்கேயே அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறவர்கள் வந்து சேர, பதினைந்து நாள் முன்னதாகவே போனில் தகவல் போகட்டும். கூட்டத்தைக் காலை பதினோரு மணிக்கு வைக்காதீர்கள். காட்டு வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பிய பிறகு, மாலையில் வையுங்கள்.

இப்படிக்கு,
தாலுகா அலுவலகத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் ஒரு குடிமகன்